ஆஃப்-கிரிட் பேட்டரி பேங்க்: ஆசிட் சிந்தினால் எதில் பிடிப்பது?

மின்வாரியக் கம்பியே இல்லாமல் சோலாரை மட்டும் நம்பி, 24 செல், 48 செல் என்று பெரிய அளவில் லெட்-ஆசிட் (ஈயத் தகடும் சல்ஃபியூரிக் ஆசிட்டும் கொண்ட) பேட்டரிகளை ஒரே தொகுப்பாக, அதாவது பேங்காக, வைத்திருப்பவர்கள் அடிக்கடி ஒரே இடத்தில் வந்து நிற்கிறார்கள். பிளாஸ்டிக் டிரே வாங்குவதா, மொத்த பேங்கையும் ஒரு தொட்டிக்குள் இறக்கி ரப்பர் ஷீட் விரிப்பதா, தரைக்கே எபாக்ஸி பூசுவதா, பேசாமல் சீல்டு பேட்டரிக்கு மாறிவிடுவதா?

இதில் எல்லோரும் முதலில் பார்ப்பது எத்தனை லிட்டர் பிடிக்கும் என்பதைத்தான். அதுவும் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் என்னைக் கேட்டால், செல்லுக்கு அடியில் ஈரம் இருக்கிறதா என்று குனிந்து பார்க்க முடிகிற ஏற்பாடுதான் நல்ல ஏற்பாடு. ஏன் என்பது, ஆசிட் எப்படி வெளியே வருகிறது என்று பார்த்தால் புரியும்.

## ஆசிட் எப்படி வெளியே வருகிறது

செல் பிளந்து ஒரேயடியாகக் கொட்டுவது அபூர்வம். தூக்கும்போது கை நழுவலாம், ரேக் சரியலாம். சார்ஜ் ஏறும்போது வெளிவரும் ஹைட்ரஜன் காற்றில் 4 சதவீதத்தைத் தாண்டித் தேங்கியிருக்கும்போது தீப்பொறி பட்டு மூடி வெடிக்கலாம். கடும் குளிரில், முழுக்க டிஸ்சார்ஜ் ஆன செல் உறைந்து விரிசல் விடலாம். இவை நடக்கும், ஆனால் எப்போதாவது.

அடிக்கடி நடப்பது சத்தமில்லாத கசிவு. சார்ஜ் ஏறுவதற்கு முன்பே டிஸ்டில்டு வாட்டரை விளிம்பு வரை ஊற்றிவிடுகிறோம். சார்ஜ் ஏற ஏற மட்டம் உயர்ந்து வென்ட் (மூடியிலுள்ள வாயுத் துளை) வழியாக வழிகிறது. ஈக்குவலைஸ் (எல்லாச் செல்லும் சமமாக ஏற வேண்டுமென்று வேண்டுமென்றே செய்யும் கூடுதல் சார்ஜ்) செய்யும்போது குமிழிகளோடு ஆசிட் துளிகள் தெறித்து மூடிமேல் படிகின்றன. டெர்மினல் சீல் தளர்ந்து, கம்பியை ஒட்டி ஆசிட் ஊறி மேலே வருகிறது. அடிப்பக்க மூலையில் தலைமுடி அளவு விரிசல் விழுந்தால் அது மாதக்கணக்கில் கசிந்துகொண்டே இருக்கும்.

தண்ணீர் சிந்தினால் காய்ந்துவிடும். ஆசிட் காயாது. சல்ஃபியூரிக் ஆசிட் காற்றிலிருக்கும் ஈரத்தைத் தன்பக்கம் இழுக்கும். வறண்ட நாளில் அதிலிருக்கும் தண்ணீர் கொஞ்சம் ஆவியாகும், ஆசிட் அப்படியே நிற்கும், முன்பைவிடச் செறிவாக. செல்லுக்குப் பக்கத்தில், நாள் முழுக்க வெயில் காய்ந்தும் எண்ணெய் தடவியது போல மினுமினுக்கும் ஒரு திட்டு இருந்தால் அது தண்ணீர் இல்லை. ஒரு சிட்டிகை சமையல் சோடாவைத் தூவிப் பாருங்கள், நுரைத்துச் சொல்லிவிடும்.

## எதை வைத்து எடை போடுவது

கொள்ளளவு. ஒரு செல்லில் எத்தனை லிட்டர் ஆசிட் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள சுலபமான வழி உண்டு. தயாரிப்பாளரின் அட்டவணையில் ஆசிட் நிரப்பாத எடை, நிரப்பிய எடை இரண்டும் போட்டிருப்பார்கள். வித்தியாசத்தை ஆசிட்டின் அடர்த்தியால் வகுத்தால் போதும். நிரப்பாமல் 50 கிலோ, நிரப்பி 75 கிலோ என்றால் ஆசிட் 25 கிலோ. அடர்த்தி லிட்டருக்கு 1.24 கிலோ என்றால் ஏறக்குறைய 20 லிட்டர். அப்படி 24 செல் இருந்தால் மொத்தம் 480 லிட்டர்.

480 லிட்டரையும் பிடிக்க வேண்டுமா? 24 செல்லும் ஒரே நாளில் உடையப் போவதில்லை. நான் வைத்துக்கொள்ளும் அளவு: இரண்டு செல் அளவு அல்லது மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு, இரண்டில் எது அதிகமோ அது. இங்கே 48 லிட்டர். நிலநடுக்கம் வரக்கூடிய இடம், படகு, வண்டி என்றால் இந்தக் கணக்கு செல்லாது. அங்கே ரேக்கோடு சாயும் என்று வைத்துக்கொண்டுதான் திட்டமிட வேண்டும்.

இந்த 48 லிட்டர் எவ்வளவு உயரம் நிற்கும் என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 1.5 மீட்டருக்கு 1.1 மீட்டர் தொட்டி என்றால் பரப்பு 1.65 சதுர மீட்டர். காலித் தொட்டியில் 48 லிட்டர் 3 சென்டிமீட்டர்தான் நிற்கும். ஆனால் தொட்டி காலியாக இல்லையே. 21-க்கு 23 சென்டிமீட்டர் அடி கொண்ட 24 செல்கள் அதில் 1.16 சதுர மீட்டரை அடைத்துக்கொண்டு நிற்கின்றன. மிச்சமிருக்கும் இடத்தில் அதே 48 லிட்டர் ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் நிற்கும். 5 சென்டிமீட்டர் விளிம்பு தாராளம் என்று வாங்கியவருக்குப் பாதி ஆசிட் தரையில். செல்களை ஒரு பிளாஸ்டிக் கிரேட்டிங் (இடைவெளிகள் உள்ள தட்டி) மேல் தூக்கி வைத்தால் இந்தத் தொல்லை வெகுவாகக் குறையும், அடியில் எட்டிப் பார்க்கவும் முடியும்.

பொருள். பாலிஎத்திலீன், பாலிப்ரொப்பிலீன், பிவிசி, இபிடிஎம் ரப்பர் ஆகியவை பேட்டரி ஆசிட்டைத் தாங்கும். இரும்பு, அலுமினியம், துத்தநாகப் பூச்சுத் தகடு தாங்காது. அரிபடுவதோடு ஹைட்ரஜனையும் கிளப்பும். துருப்பிடிக்காத எஃகு என்று நம்பிச் செய்யும் டிரேயும் இந்தச் செறிவில் நம்பத் தகுந்ததல்ல. சிமென்ட் தரையை ஆசிட் தின்று, ஜிப்சமாக மாற்றி உப்ப வைத்து, உதிர்த்துவிடும்.

மின்சாரப் பாதை. இதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஆசிட் நல்ல கடத்தி. ஒரே டிரேயில் நிற்கும் இரண்டு செல்கள் கசிந்தால், அடியில் தேங்கிய ஆசிட் அவற்றை இணைத்துவிடும். இடையில் எத்தனை செல் வோல்டேஜ் இருக்கிறதோ அத்தனையும் அந்த ஈரத்தின் வழியே பாயப் பார்க்கும். உலோக ரேக்கும் நனைந்தால் எர்த் கசிவும் சேர்ந்துகொள்ளும்.

இவை போக, துடைக்க வசதி, செல்லைத் தூக்கி மாற்ற வசதி, பத்து வருடக் கணக்கில் செலவு. இவற்றை ஒவ்வொரு வழியோடும் சேர்த்தே சொல்கிறேன்.

## வழி 1: தனித்தனி பிளாஸ்டிக் டிரே

ஒரு டிரேயில் ஒரு செல், அதிகம் போனால் நான்கு. கையில் எடுத்துக் கழுவலாம், எந்தச் செல் கசிகிறது என்று பெயர் சொல்லிக் காட்டும், ஒரு டிரேயில் தேங்கிய ஆசிட் அடுத்ததைத் தொடாது. மின்சாரப் பாதை விஷயத்தில் இதை மிஞ்சியது எதுவும் இல்லை.

குறை என்னவென்றால், ஒரு செல்லின் முழு ஆசிட்டையும் பிடிக்கிற அளவுக்கு டிரே வாங்கினால் செல்களுக்கு இடையே இடைவெளி கூடும். அதற்கேற்ப இணைப்புக் கம்பிகள் நீளும், ரேக் பெரிதாகும். நெருக்கிவைக்கும் சின்ன டிரேக்கள் சில லிட்டர்தான் பிடிக்கும். இன்னொன்று, 75 கிலோ செல் வருடக்கணக்கில் நிற்கும்போது மெல்லிய டிரே மூலைகளில் வெளுத்து விரிசல் விடும். விரல் அழுத்தினால் வளைகிற டிரேயை வாங்காதீர்கள்.

சுவர் உயரமான பெட்டி போன்ற டிரேக்களில் செல்களுக்கு நடுவே காற்றோட்டம் தடைபடும். 10 டிகிரி கூடுதல் வெப்பம் லெட்-ஆசிட் பேட்டரியின் ஆயுளை ஏறக்குறைய பாதியாக்கும். டிரேக்குக் கொடுத்ததைவிட அதில்தான் பெரிய பணம் போகும்.

## வழி 2: முழு பேங்குக்கும் ஒரே தொட்டி, உள்ளே ரப்பர் ஷீட்

மரச்சட்டமோ செங்கல் கட்டோ வைத்து, அதற்குள் ஒரே துண்டாக இபிடிஎம் ஷீட் விரிப்பது. குளத்துக்கு விரிக்கிற அதே ஷீட்தான். லிட்டருக்கு இத்தனை என்று பார்த்தால் இதுதான் மலிவு. 480 லிட்டரையும் பிடிக்கிற மாதிரி கட்டினாலும் செலவு பெரிதாக ஏறாது. ரேக் சாயும் பயம் இருக்கிற இடத்துக்கு இதுவே முதல் தேர்வு.

வேலை கெடுவது மூலையில். ஷீட்டை வெட்டி ஒட்டினால் அந்த ஒட்டுதான் முதலில் விடும். வெட்டவே கூடாது. மூலையில் உபரியாக நிற்கும் ஷீட்டை முக்கோணமாக மடித்து, சுவரோடு சாய்த்து, மேல் விளிம்பில் மட்டும் பட்டை அடித்து நிறுத்த வேண்டும். ஆணி, போல்ட் எதுவும் ஆசிட் நிற்கும் மட்டத்துக்குக் கீழே ஷீட்டைத் துளைக்கக் கூடாது. ரேக்கைத் தரையோடு போல்ட் போட வேண்டிய இடம் என்றால் இந்த வழி ஒத்துவராது, ஷீட்டில் ஓட்டை போட்டுவிட்டு அதைத் தொட்டி என்று சொல்ல முடியாது. செல்லின் அடி விளிம்பு ஷீட்டை அழுத்திக் கிழிக்காமல் இருக்க நடுவே தடித்த பாலிஎத்திலீன் பலகை வேண்டும்.

அந்தப் பலகைதான் சிக்கலும். கசிந்த ஆசிட் பலகைக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும். டாப்-அப் செய்யும்போது சிந்திய தண்ணீர், கழுவிய தண்ணீர், தூசி எல்லாம் அங்கேயே சேரும். எது ஆசிட், எது தண்ணீர் என்று தெரியாது. தொட்டியின் அடியை ஒரு பக்கமாக லேசாகச் சரித்து, தாழ்ந்த மூலையை மட்டும் காலியாக விட்டு வையுங்கள். அங்கே பிஹெச் தாளை (ஆசிட்டா காரமா என்று நிறம் மாறிக் காட்டும் தாள்) நனைத்துப் பார்த்தாலே மொத்தத் தொட்டியின் நிலையும் தெரிந்துவிடும். இதைச் செய்யாத தொட்டியை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அப்புறம், நடுவில் இருக்கும் செல்லை மாற்ற வேண்டிய நாள் வரும். 40 சென்டிமீட்டர் சுவருக்கு மேலாக 75 கிலோவைத் தூக்க ஆளோ செயின் பிளாக்கோ வேண்டும். ஆசிட் கொட்டுவதைத் தடுக்கக் கட்டிய சுவரே செல் கைநழுவக் காரணமாகிவிடக் கூடாது. ஒரு பக்கச் சுவரைத் தாழ்வாக வையுங்கள்.

## வழி 3: தரைக்குப் பூச்சு, வாசலில் விளிம்புக்கட்டு

தனி அறை இருந்தால் அறையையே தொட்டியாக்கலாம். 3-க்கு 2 மீட்டர் அறையின் வாசலில் 5 சென்டிமீட்டர் கட்டு போட்டாலே 300 லிட்டர் நிற்கும். நடந்து போகலாம், குனிந்து பார்க்கலாம், ரேக்கைச் சுற்றித் துடைக்கலாம்.

ஆனால் கடையில் கிடைக்கும் சாதாரண எபாக்ஸி தரைப் பெயின்ட் இதற்கு ஆகாது. தெறித்த துளியை உடனே துடைத்தால் தாங்கும், நாள் கணக்கில் ஆசிட் நின்றால் மென்மையாகி உரியும். நோவலாக் எபாக்ஸியோ வினைல் எஸ்டரோ வேண்டும். இரண்டுமே விலை அதிகம், பூசுவதற்குத் தெரிந்த கை வேண்டும். புது கான்கிரீட் என்றால் குறைந்தது 28 நாள் காய விட வேண்டும். அடியிலிருந்து ஈரம் ஏறும் தரையில் எந்தப் பூச்சும் கொப்பளிக்கும். சுவரின் அடிப்பகுதியிலும் சில சென்டிமீட்டர் ஏற்றிப் பூச வேண்டும். தரையும் சுவரும் சேரும் அந்தக் கோட்டைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

டைல் ஒட்டினால் போதாதா என்று கேட்பார்கள். டைலுக்கு ஒன்றும் ஆகாது, நடுவில் இருக்கும் சிமென்ட் இணைப்பை ஆசிட் தின்றுவிட்டு அடியில் இறங்கும். மேலே பார்த்தால் தரை பளிச்சென்றுதான் இருக்கும்.

தரையில் வடிகால் துளை இருந்தால் முதலில் அதை அடையுங்கள். ஆசிட் செப்டிக் டேங்குக்குப் போனால் அங்கே வேலை செய்யும் பாக்டீரியா செத்துவிடும். வெளியே போனால் மண்ணும் கிணறும் கெடும்.

## வழி 4: உறிஞ்சும் தலையணை, சோடா மூட்டை

ஆசிட்டை உறிஞ்சி நடுநிலையாக்கும் தலையணைகளும் குருணைகளும் கிடைக்கின்றன. ஆசிட் பட்டால் நிறம் மாறும் வகைகளும் உண்டு. டிரே அடியில் போட்டுவிட்டால் ஆசிட் தளும்பாது, அதனால் அசையும் இடங்களுக்கு நல்லது. ஆனால் இது தொட்டிக்குத் துணையே தவிர தொட்டிக்கு மாற்று இல்லை. ஒருமுறை ஈரம் பட்டால் மாற்ற வேண்டும், செல்லைத் தூக்காமல் மாற்ற முடியாது.

கைவசம் எவ்வளவு சோடா வேண்டும் என்பதில் பலருக்கும் தவறான கணக்கு இருக்கிறது. ஒரு லிட்டர் பேட்டரி ஆசிட்டை அடக்க ஏறக்குறைய முக்கால் கிலோ சமையல் சோடா வேண்டும். அரைக் கிலோ டப்பா ஒரு லிட்டருக்கே போதாது. மேலே சொன்ன 20 லிட்டர் செல் ஒன்று கொட்டினால் 15 கிலோ.

அதைவிட முக்கியமானது வாயு. ஒவ்வொரு லிட்டர் ஆசிட்டும் சோடாவோடு சேர்ந்து ஏறக்குறைய 200 லிட்டர் கார்பன் டை ஆக்சைடு விடும். 20 லிட்டருக்கு 4,000 லிட்டர், அதாவது 4 கன மீட்டர். 3-க்கு 2 மீட்டர் அறை, இரண்டரை மீட்டர் உயரம் என்றால் மொத்தமே 15 கன மீட்டர்தான். கதவைச் சாத்திக்கொண்டு மூட்டையைக் கொட்டினால் ஆசிட்டைவிட அந்தக் காற்றுதான் ஆளைச் சாய்க்கும். கதவு, ஜன்னல் எல்லாம் திறந்து, ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தூவ வேண்டும். சலவைச் சோடா பாதி வாயுதான் விடும், ஆனால் கைக்குக் காரம். சுண்ணாம்பு வாயுவே விடாது. பதிலுக்குச் சூடாகும், அளவு மீறினால் தரை முழுக்கக் கடும் காரமாகிவிடும். சமையல் சோடா அளவு மீறினாலும் ஒன்றும் ஆகாது, அதனால் வீட்டுக்கு அதையே சொல்வேன்.

நுரை நின்றதும் வேலை முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். மேலே வெள்ளையாக ஓடு கட்டி, அடியில் ஆசிட் அப்படியே இருக்கும். பிளாஸ்டிக் கரண்டியால் கிளறி, மறுபடி தூவி, பிஹெச் தாள் 5-க்கும் 9-க்கும் இடையே காட்டும் வரை தொடர வேண்டும். செல்லின் மேற்புறத்தைச் சோடாத் தண்ணீரால் துடைக்கும்போது வென்ட் மூடிகள் இறுக்கமாக இருக்கட்டும். சோடா உள்ளே போனால் அந்தச் செல்லின் ஆசிட்டே கெடும்.

நிக்கல்-இரும்பு பேட்டரி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: உங்கள் செல்லில் இருப்பது ஆசிட் அல்ல, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்ற காரம். சோடா அங்கே உதவாது, போரிக் ஆசிட்டோ வினிகரோதான் வேண்டும்.

## வழி 5: சிந்தாத பேட்டரிக்கு மாறுவது

ஏஜிஎம், ஜெல் என்ற சீல்டு வகைகள் இரண்டிலும் ஆசிட் உண்டு, ஆனால் கண்ணாடி இழையிலோ ஜெல்லிலோ பிடித்து வைக்கப்பட்டிருக்கும். உடைந்தாலும் ஆறாக ஓடாது. சின்ன டிரே போதும். ஆனால் ஓவர்சார்ஜில் தண்ணீர் போனால் திரும்ப ஊற்ற வழியில்லை, வெப்பத்துக்கும் சார்ஜ் செட்டிங் பிசகுக்கும் பொறுமை குறைவு. வெறும் ஆசிட் பயத்துக்காக நன்றாக ஓடும், தண்ணீர் ஊற்றுகிற டியூபுலர் பேங்கை மாற்றுவது வீண்செலவு. ஆயுள் முடிந்து எப்படியும் மாற்றப் போகிறீர்கள் என்றால் அது வேறு.

லித்தியம் இரும்பு பாஸ்ஃபேட்டில் ஆசிட்டே இல்லை. பூஜ்யம் டிகிரிக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்யக் கூடாது. தீப்பிடித்தால் வரும் ஹைட்ரஜன் ஃபுளோரைடு புகை கடுமையான நஞ்சு. இன்வெர்ட்டர், சார்ஜ் கன்ட்ரோலர் இரண்டும் அதற்கு ஒத்துவருமா என்று பார்த்துவிட்டுத்தான் விலையை ஒப்பிட வேண்டும்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| வழி | பிடிக்கும் அளவு | கசிவு தெரியுமா | முதல் செலவு | பிறகு வரும் செலவு |
|---|---|---|---|---|
| தனி டிரே | குறைவு முதல் நடுத்தரம் | உடனே, செல் வாரியாக | நடுத்தரம் | நீளும் கம்பிகள், விரிசல் விட்ட டிரே |
| ரப்பர் தொட்டி | மிக அதிகம் | தாழ்ந்த மூலை விட்டால் மட்டும் | குறைவு | தூக்கும் சிரமம், தேங்கும் தண்ணீர் |
| பூச்சுத் தரை | அதிகம் | நன்றாக | அதிகம் | மறுபூச்சு, வெடிப்பு பார்த்தல் |
| உறிஞ்சும் தலையணை | குறைவு | நிறம் மாறும் வகையில் மட்டும் | குறைவு | அடிக்கடி மாற்றுதல் |
| சீல்டு, லித்தியம் | தேவை மிகக் குறைவு | பொருந்தாது | மிக அதிகம் | சார்ஜர் மாற்றம், முன்கூட்டியே மாற்றும் ஆபத்து |

## யாருக்கு எது

தனி அறை, அசையாத தரை, நடுத்தர பேங்க் என்றால் கிரேட்டிங் மேல் செல்கள், அடியில் நான்கு செல்லுக்கு ஒன்றாகத் தடித்த டிரேக்கள். ஒருவரே வாராவாரம் பார்த்துக்கொள்ள இதுதான் சௌகரியம். பெரும்பாலானவர்களுக்கு நான் சொல்லும் வழியும் இதுதான்.

செல் ஒவ்வொன்றும் பெரிதாகி, மொத்த ஆசிட் பல நூறு லிட்டரைத் தாண்டினால் இரண்டடுக்காகப் போங்கள்: டிரேக்கள், அதற்கு வெளியே விளிம்புக்கட்டு போட்ட பூச்சுத் தரை. வணிகக் கட்டடம் என்றால் உள்ளூர் தீயணைப்பு விதிகளே கட்டாயப்படுத்தலாம். இதற்கென்றே ஐஇஇஇ (மின்பொறியாளர் சங்கம்) வெளியிட்ட 1578 என்ற பரிந்துரை நூல் இருக்கிறது, வடிவமைப்பவரிடம் அதைப் பார்த்தீர்களா என்று கேளுங்கள்.

வாடகை இடம், மரத்தரை, மாடி என்றால் ரப்பர் தொட்டி. தரையை மாற்ற முடியாது, ஒரு சொட்டும் கீழே போகக் கூடாது. ஆனால் மாடியில் 24 செல் என்றால் 1,800 கிலோ, ஆசிட் பற்றி யோசிக்கும் முன் தரை தாங்குமா என்று கேட்க வேண்டும்.

ஆள் இல்லாமல் மாதக்கணக்கில் பூட்டிக் கிடக்கும் இடத்துக்கு மட்டும், பேட்டரியையே மாற்றுவது நியாயம். யாரும் குனிந்து பார்க்காத இடத்தில் எந்த டிரேயும் பாதி பயன்தான்.

## எதைத் தேர்ந்தெடுத்தாலும்

பேட்டரிக்கு எட்டும் தூரத்தில் கண் கழுவத் தண்ணீர் இருக்க வேண்டும். அமெரிக்கத் தரநிலை அமைப்பான அன்சியின் இசட்358.1 தரநிலை, 10 நொடியில் போய்ச் சேரும் தூரத்தில், 15 நிமிடம் தொடர்ந்து ஓடும் தண்ணீர் வேண்டும் என்கிறது. ஆஃப்-கிரிட் வீட்டில் பம்ப் ஓடினால்தான் தண்ணீர், பம்ப் ஓட அதே பேட்டரி வேண்டும். அதனால் மேல்நிலைத் தொட்டியிலிருந்து தானாக இறங்கும் ஒரு குழாயை அந்த அறைக்குப் பக்கத்தில் வையுங்கள். கண்ணில் சோடாத் தண்ணீர் விடக் கூடாது, வெறும் தண்ணீர்தான். பாதுகாப்புக் கண்ணாடியும் ரப்பர் கையுறையும் அறைக்கு வெளியே, கதவுக்குப் பக்கத்தில் தொங்கட்டும். உள்ளே வைத்தால் தேவைப்படும் நேரத்தில் ஆசிட்டைத் தாண்டிப் போய் எடுக்க வேண்டியிருக்கும்.

சோடா போட்டு நடுநிலையாக்கிய சேற்றை மண்ணில் கொட்டாதீர்கள். ஆசிட் போயிருக்கலாம், அதில் கலந்த ஈயம் போயிருக்காது. மூடியுள்ள வகைப் பாலிஎத்திலீன் வாளியில் அள்ளி, பழைய பேட்டரி எடுப்பவர்களிடம் அல்லது ஆபத்துக் கழிவு எடுக்கும் நிலையத்தில் சேருங்கள். வாளியை ஒருநாள் திறந்து வைத்து நுரை முழுக்க அடங்கியபின் மூடுங்கள், முன்பே இறுக்கி மூடினால் உள்ளே சேரும் வாயு மூடியை எறிந்துவிடும்.